நோக்கு விளக்கு

மரியதாசைக் குத்திவிட்டு அவர்கள் ஓடியபோது நாங்கள் யாரும் துரத்தவில்லை. ஆம்புலன்சையும் கூப்பிடவில்லை. உர மூட்டைகளின் மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தவனைச் சுற்றி வட்டமாக நின்று, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அறிவியல் பக்கத்தில், பெரிய எழுத்தில்: "பார்த்துக்கொண்டிருக்கும் வரை சாவு இல்லை."

"ஏல, யாரும் கண்ணை மூடிராதீய" என்று தொம்மை கத்தினான். "ஒருத்தன் மூடுனா இன்னொருத்தன் தொறந்திருக்கணும். மரியா, பயப்படாதல. நாங்க பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

மரியதாஸ் எங்களைப் பார்த்தான். எதற்கு இவர்கள் சும்மா நிற்கிறார்கள் என்று கேட்கிற மாதிரி பார்த்தான். விரல்களுக்கு இடையில் ரத்தம் வந்து மூட்டைச் சாக்கில் ஊறியது. யூரியாத் தூசி எங்கள் கண்ணில் மிளகாய் மாதிரி எரிந்தது. கண்ணீர் வழிய வழிய நின்றோம். லூர்துவுக்கு மட்டும் தாங்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்தான். அதே நேரத்தில் மரியதாசின் கால் ஒரு தடவை உதைத்துக்கொண்டது. அப்புறம் அசையவில்லை.

"கொன்னுட்டியேல" என்றான் யாரோ.

"தூசி விழுந்துட்டுண்ணே. தூசி."

அவனை அடித்தார்கள். மூட்டை தூக்குகிற கொக்கியின் மரப்பிடியால் வாயில் அடித்தார்கள். தாடை ஒரு பக்கமாக இறங்கித் தொங்கியது. குத்தியவர்களைத் துரத்தாத கால்கள் எல்லாம் லூர்துவை மிதித்தன. குத்தியது காண்டிராக்டர் பொன்னிலிங்கத்தின் ஆட்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் யார்டில் மூட்டை இறக்குகிற வேலையைத் தன் ஆட்களுக்குப் பிடுங்கிக் கொடுக்க அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். லூர்து பக்கத்தில் இருந்தான்.

அந்தக் கட்டுரையை எழுதிய தமயந்தி, விஷயம் கேள்விப்பட்டுச் சென்னையிலிருந்து வந்தார். யார்டு வாசலிலேயே யாரோ கல்லை விட்டெறிந்ததில் நெற்றி கிழிந்தது. ரத்தத்தைத் துப்பட்டாவால் அழுத்திக்கொண்டு எடை மேடையில் உட்கார்ந்தார். போகவில்லை. அதனால்தான் நாங்கள் பேசினோம்.

"கண்ணால பாக்கணும்னு நான் எழுதலைங்க" என்றார்.

"பாக்கணும்னுதான எழுதிருக்கு" என்றான் தொம்மை. "பாக்கதுக்கு எங்களுக்குக் கண்ணு இருக்கு. வேற என்னத்த வச்சிப் பாக்க?"

"அது ஒரு கருவி. நோக்கு விளக்குன்னு பேரு. மனுசக் கண்ணு அதுக்குப் பக்கத்துல கூட வராது. நம்ம உடம்பு அணுவால ஆனதுதான? அணுவுக்கு ஒரு வினோதமான குணம் இருக்கு. யாரும் கேக்காத வரைக்கும் அது மாறிட்டேன்னும் இல்ல, மாறலைன்னும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல கிடக்கும். நீ எப்படி இருக்கேன்னு கேட்டுட்டா ஒரு பதில் சொல்லியாகணும். அது மாறலாம்னு கெளம்புன மறு கணமே கேட்டா, இன்னும் மாறலைன்னுதான் சொல்லும். சொன்னதும் பழைய நிலைக்கே போயிடும். மறுபடி முதல்ல இருந்து கெளம்பணும். அந்த விளக்கு இந்தக் கேள்வியை விடாமக் கேட்டுக்கிட்டே இருக்கும். ஒரு நொடிக்குள்ள கோடிக்கணக்கான தடவை."

தொம்மை அடுக்கியிருந்த மூட்டைகள் பக்கம் கையை நீட்டினான்.

"மேஸ்திரி நிமிசத்துக்கு ஒருக்கப் பேரு கூப்புட்டா, நாங்க ஓடி ஓடி வந்து உள்ளேன் ஐயான்னு நிப்போம். மூட்டை எப்ப நவரும்? அதான?"

"அதேதான்" என்று அந்த அம்மா சிரித்தார். நெற்றிக் காயத்தால் சிரிக்கும்போது முகம் கோணியது.

அடுத்த ஞாயிறு அது பேப்பரில் வந்தது. தொம்மையின் படத்தோடு. மேஸ்திரி பேர் கூப்பிடுகிற உதாரணத்தோடு. தொம்மை அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தான். மரியதாசைப் பற்றியும் லூர்துவைப் பற்றியும் அதில் ஒரு வரி கிடையாது.

மழைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு விளக்குகள் வந்துவிட்டன. கட்டில் மேல் கவிழ்கிற மாதிரி வெள்ளை வளையம். போட்டால் இளநீர் நிறத்தில் ஒரு மூட்டம் இறங்கும். அதற்குள் இருப்பது எதுவும் மாறாது. ரத்தம் ஓடாது, உறையாது. கை விட்டால் கை மரக்கட்டை ஆகிவிடும். வெளியே இழுத்தால்தான் உணர்ச்சி திரும்பும். எல்லா விளக்கையும் வாங்கிக் கொடுத்தது பொன்னிலிங்கம். கோயில் டியூப்லைட்டில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு வளையத்திலும் சிவப்புப் பெயிண்டால் எழுதியிருந்தது: உபயம், ப. பொன்னிலிங்கம், காண்டிராக்டர். சாமியார் வந்து ஜெபம் பண்ணினார். நாங்களும் கை தட்டினோம்.

பிறகுதான் தெரிந்தது அவர் ஏன் வாங்கினார் என்று.

முன்பு அவர் ஆட்கள் தொடையில் குத்துவார்கள், முழங்கையை முறிப்பார்கள். கொலைக் கேஸ் என்றால் அவர்களுக்கும் பயம். விளக்கு வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. குத்துப்பட்டவன் விளக்குக்கடியில் இருக்கும்வரை சாகவில்லை. சாகாதவனைக் கொன்றதாக யார் வழக்குப் போட முடியும்? கோர்ட்டே அப்படிச் சொல்லிவிட்டது. காயப்படுத்திய கேஸ்தான். ஜாமீனில் வந்துவிடலாம். அதனால் கழுத்தில் குத்தினார்கள், நெஞ்சில் குத்தினார்கள். குத்தியவனே விளக்கையும் கொண்டுவந்து பிடித்தான். வேனில் பேட்டரி போட்ட சின்ன வளையம் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். பொன்னிலிங்கத்தின் அடியாள் சங்குமணி கத்தியை இறக்கும்போது சொல்வான்: "பயப்படாதடே. வெளக்கு வெளியதான் நிக்கி."

எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. அவர்களில் ஒருவனைக் கொக்கியால் தாடைக்குக் கீழே மாட்டி இழுத்து, கிரேன் சங்கிலியில் தொங்கவிட்டோம். அவனையும் விளக்குக்கடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஆஸ்பத்திரியின் பின்னால் இதற்கென்றே தனிக் கொட்டகை கட்டினார்கள். அதற்குள் இரு பக்க ஆட்களும் வரிசையாகக் கிடந்தார்கள், பச்சைக் காயத்தோடு. இனி எதையும் திருப்பி எடுக்கலாம் என்ற நினைப்பு வந்துவிட்டதால் யாருக்கும் கை கூசவில்லை.

தொம்மையைக் குத்தியது உச்சி வெயிலில், எடை மேடைக்குப் பக்கத்தில். மூன்று பேர் என்னைத் தரையில் அழுத்திப் பிடித்திருந்தார்கள். என் கன்னம் தார்ச்சாலையில் வெந்தது. சங்குமணி விலாவுக்குக் கீழே கத்தியை ஏற்றித் திருகினான். தொம்மை விழவில்லை. சங்குமணியின் காதைப் பல்லால் பிடித்துப் பாதியைப் பிய்த்துத் துப்பினான். அவன் கழுத்தைப் பிடிக்கக் கையை நீட்டினான். அப்போது வேன்காரன் ஓடிவந்து வளையத்தைத் தொம்மையின் மேல் கவிழ்த்தான்.

அப்படியே நின்றுவிட்டது. வாய் திறந்தபடி. பல்லில் அடுத்தவன் ரத்தம். விரல் எல்லாம் விறைத்து எதையோ நெரிக்கிற மாதிரி. முழங்கையிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழப் போய், விழாமல் தொங்கியது. வளையத்தோடு அப்படியே வேனில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள்.

தொம்மையின் பெண்சாதி செபமாலை ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவள். காலையில் மரச் சுத்தியலால் ஐஸ் உடைப்பாள். மதியத்துக்கு மேல் கொட்டகைக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்காருவாள். மூன்று மழை போயிற்று. அவளுக்கு நெற்றியோரம் நரைத்தது, கண்ணாடி போட்டாள். தொம்மையின் முழங்கையில் அந்தச் சொட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

கொட்டகைக்குப் பொறுப்பு டாக்டர் நூர்ஜகான். ஒருநாள் செபமாலை அவரிடம் கேட்டாள். நானும் இருந்தேன்.

"வெளக்கை அணைச்சிட்டு ஆபரேசன் பண்ணுனா பொழைப்பாராம்மா?"

"ஈரல்ல வெட்டு. அணைச்ச உடனே ரத்தம் கொட்டும். அசையாமப் படுத்திருந்தா தைச்சிருவேன். அசைஞ்சா முடியாது."

"முன்னாலயே மயக்க ஊசி போட்டுற முடியாதா?"

"விளக்குக்குள்ள எதுவும் வேலை செய்யாது. ஊசியும் செய்யாது. அணைச்ச பிறகுதான் போடணும். அது பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரம்தான்."

"அசையாமக் கெடப்பாரா?"

"ரத்தம் போயிருக்கு, வலுவா இருக்கமாட்டார்னு நினைக்கேன். தூங்குற மாதிரிதான் இருப்பாங்கன்னு தமயந்தியில இருந்து எல்லாரும் எழுதுறாங்க."

செபமாலை விளக்குக்கடியில் தொம்மையின் முகத்தைப் பார்த்தாள்.

"இது தூங்குத மொகமா?" என்றாள்.

 ஆனாலும் செபமாலை முடிவு பண்ணிவிட்டாள். உசிரோடு எழுப்பிக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை நாள் ஐஸ் உடைத்தது.

பொன்னிலிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. அணைத்து, தொம்மை செத்தால் கொலைக் கேஸ். சங்குமணி ஐஸ் கம்பெனிக்கு வந்தான். பாதிக் காதோடு. "விட்டுரு. படுத்திருக்கான்லா, ஒனக்கு என்ன செலவு?" என்றான். செபமாலை சுத்தியலைக் கீழே வைக்காமலேயே, "வெளிய போடா" என்றாள். கூட வந்தவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். இடது கையை சிமெண்டுத் தொட்டி விளிம்பில் வைத்து, முழு ஐஸ் கட்டியைத் தூக்கி அதன்மேல் போட்டார்கள். மூன்று விரல் நசுங்கிவிட்டது. ஐஸ் கொஞ்ச தூரத்துக்குச் சிவந்துபோனதாக அங்கே வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள்.

அவள் அந்தக் கையோடு தமயந்திக்குப் போன் பண்ணினாள். அந்த அம்மா வந்தார். இந்த முறை அவர் எழுதியது விஞ்ஞானம் இல்லை. கொட்டகையைப் பற்றி, உபயப் பெயிண்டைப் பற்றி, நசுங்கிய விரலைப் பற்றி எழுதினார். சென்னை வரைக்கும் பேச்சாயிற்று. மனைவி கேட்டால் விளக்கை அணைக்கலாம், நோயாளி இறந்தால் பழி குத்தியவனுக்குத்தான் என்று கோர்ட் உத்தரவு போட்டது.

"நானும் உள்ள வரட்டுமா?" என்று தமயந்தி கேட்டார். "அவர் கண்ணைத் திறந்ததும் முதல்ல உங்களைப் பாக்குறதை எழுதணும். இந்தக் கொட்டகையைப் பத்திக் கெட்ட செய்தியாவேதான் எழுதியிருக்கேன்."

"வாங்க" என்றாள் செபமாலை.

காலையில் வெயில் ஏறும்போது ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் பச்சை அங்கி, தொப்பி, முகத்தில் துணி. தொம்மையைப் பிடிப்பதற்கு நான் தலைமாட்டில், தோள் பக்கம். காலுக்கு இரண்டு ஆஸ்பத்திரி ஆட்கள். மயக்க ஊசி டாக்டர் ஒரு பக்கம், நூர்ஜகான் மறு பக்கம். செபமாலை சுவரோரமாக ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில். தமயந்தி வாசலில்.

"அணைங்க" என்றார் நூர்ஜகான்.

முழங்கைச் சொட்டு தரையில் விழுந்தது. மறு கணம் தொம்மை கத்தினான். மூன்று வருசத்துக்கு முன்னால் எடை மேடையில் ஆரம்பித்த கத்தலின் மீதி அது. அவனைப் பொறுத்தவரைக்கும் நடுவில் எதுவும் நடக்கவில்லை. வெயில் ஒரேயடியாக மறைந்தது, சங்குமணி முகத்துக்குப் பதில் துணி கட்டிய முகங்கள் வந்தன, யாரோ தோளை அழுத்துகிறார்கள். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

நெரிக்க நீட்டிய கை மயக்க டாக்டரின் கழுத்தைப் பிடித்தது. ஊசி பறந்து சுவரில் பட்டு உடைந்தது. காலைப் பிடித்தவன் ஒருவன் மூக்கில் உதை வாங்கி உட்கார்ந்துவிட்டான். "தொம்மை, நான் சூசைல, சூசை" என்று நான் கத்துகிறேன். அவன் திரும்பி என் முன்கையில் கடித்தான். எலும்பு வரைக்கும் பல் இறங்கியது. அவன் முறுக்கும் ஒவ்வொரு தடவையும் விலாவுக்குக் கீழே ரத்தம் குடம் சாய்ந்த மாதிரி கொட்டியது. கட்டில் வழுக்கியது. நூர்ஜகான் இரண்டு கையாலும் காயத்தை அழுத்திக்கொண்டு, "விட்டா போயிருவார், விட்டா போயிருவார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மயக்க டாக்டரின் முகம் நீலம் பாரித்தது.

செபமாலை முன்னால் வந்தாள். முகத்துணியை இழுத்துக் கீழே இறக்கினாள். தன் முகத்தைப் பார்த்தால் அடங்குவான் என்று நினைத்தாள்.

"இங்கேருங்க. நாந்தான். என்னையப் பாருங்க."

தொம்மை பார்த்தான். அவளை அடையாளம் தெரிந்தது. முகமே மாறிப்போயிற்று அவனுக்கு. கோபம் எல்லாம் போய்ப் பயம் வந்தது.

"ஏட்டி, நீ எங்க இங்க வந்த? ஓடிரு. இவனுவ ஒன்னையும் கொன்னுருவானுவ. ஓடிரு" என்றான்.

அவளை மறைக்க எழுந்தான். பாதி எழுந்தும்விட்டான். நூர்ஜகானின் கை காயத்திலிருந்து வழுக்கியது. சிலிண்டரைத் திருகுகிற இரும்பு ஸ்பானர் செபமாலையின் வலது கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை. ஐஸ் கட்டி சிதறாமல் ஒரே போடில் இரண்டாகப் பிளக்கிறவள் அவள். எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம் என்று அந்தக் கைக்குத் தெரியும். அவன் அவளையே பார்த்துக்கொண்டு "ஓடு" என்று மறுபடி சொல்லும்போது காதுக்கு மேலே அடித்தாள்.

தொம்மை மடங்கி விழுந்தான். அசையாமல் கிடந்தான்.

"தைங்க" என்றாள் செபமாலை.

தைத்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

வார்டில் அவனுக்குப் பேச்சு வந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து வாக்குமூலம் கேட்டார். செபமாலையும் நானும் கட்டிலருகே நின்றோம்.

"சங்குமணி குத்துனான்" என்றான் தொம்மை. "இவன், சூசை, தோளைப் புடிச்சு அமுக்குனான். அவ மண்டையில அடிச்சா."

"ஏல, எது எப்ப நடந்துச்சு?" என்றேன் நான். "அவன் குத்துனது மூணு வருசம் முன்னால. நாங்க புடிச்சது ஒன்னையக் காப்பாத்த."

"எந்த மூணு வருசம்?"

காலண்டரைக் காட்டினோம். செபமாலையின் நரையைக் காட்டினோம். என் கையில் அவன் கடித்த காயத்தைக் காட்டினேன். நூர்ஜகான் வந்து பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். அவன் பேப்பரில் வந்தவன், மேஸ்திரி உதாரணம் சொன்னவன், அவனுக்கு அதெல்லாம் விளங்காமல் இல்லை. தலையை ஆட்டினான்.

"நீங்க சொல்லுதது புரியுது டாக்டரம்மா. ஆனா நான் பாத்தது அது இல்லையே. ஒருத்தன் குத்துனான். அந்த வலி தீரலை. திரும்பிப் பாத்தா இவ நிக்கா. ஓடிருட்டின்னு சொன்னேன். சொல்லும்போதே அடிச்சா. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூச்சு கூட நான் விடலை."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். அவருக்குச் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை. சங்குமணியின் வக்கீலுக்கு அது போதுமாக இருந்தது. குத்துப்பட்டவனே மனைவியையும் கூட்டாளியையும் சேர்த்துச் சொல்கிறான், எதை நம்புவது என்றார். கேஸ் நிற்கவில்லை. சங்குமணி இப்போது எங்கள் யார்டுக்கே மேஸ்திரி.

கொட்டகையில் கிடந்த மற்றவர்களின் வீட்டாள்கள் விளக்கை அணைக்கக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

தமயந்தி கொஞ்ச காலம் கழித்து மறுபடியும் வந்தார். தொம்மை எப்படியிருக்கிறான் என்று பார்க்க வேண்டும் என்றார். நான்தான் அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். தொம்மை சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் பக்கத்தில் கிடந்த கொக்கியை மடிக்கு இழுத்துக்கொண்டான். வா என்று சொல்லவில்லை. நாங்கள் வாசற்படியோடு நின்றுகொண்டோம்.

"இதை நான் எழுதியாகணும்" என்று தமயந்தி மெதுவாகச் சொன்னார். "விளக்குக்கடியில இருக்கவங்க தூங்கலைன்னு எழுதணும். நான் எழுதினது தப்புன்னு எழுதணும். உங்க பேரைப் போடலாமா?"

"ஒங்க தப்பை ஒங்க பேருல எழுதுங்க" என்றாள் செபமாலை. "எங்க பேரு வேண்டாம். இவரு பேப்பர் வாசிப்பாரு."

அவள் சோற்றைப் போட்டாள். நசுங்கிய கையால் தட்டை அணைத்துக்கொண்டு, வலது கையால் குழம்பை ஊற்றினாள். விளமீன் குழம்பு. தொம்மைக்கு வைத்த தட்டில் வால் துண்டைப் போட்டாள். தன் தட்டில் நடுத்துண்டை, முட்டையோடு இருந்த பெரிய துண்டைப் போட்டுக்கொண்டாள். செத்துப் பிழைத்தவனுக்கு வாலைப் போட்டுவிட்டு இவள் இப்படிச் செய்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது.

தொம்மை இரண்டு தட்டையும் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பழகிய வேலை மாதிரி தன் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு அவள் தட்டை இழுத்துக்கொண்டான். அவள் முதல் வாய் தின்று விழுங்கும்வரை காத்திருந்தான். பிறகு தின்ன ஆரம்பித்தான்.

செபமாலை தலை நிமிரவில்லை. வால் துண்டில் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள்.

"ஒன் தட்டுல ஊத்து" என்றான் தொம்மை.